வாய்க்கும் கவாத்து வேண்டும்

நடுவர் அவர்களே! எதிரணி அண்ணன், "போலீசுக்குத் தேவை தோள் பலம். பேசக் கத்துக் கொடுத்து என்ன ஆகப் போகுது?" என்று கேட்டார். நான் திருப்புட்குழிக்காரன், தறி நெய்கிறவன். புள் என்றால் பறவை. ஜடாயுவுக்கு ராமபிரான் ஈமக்கடன் செய்த இடம் என்பது எங்கள் விஜயராகவப் பெருமாள் கோயில் தலவரலாறு.

அந்த ஜடாயு என்ன செய்தார்? சீதை அலறுகிறாள். "இது என் லிமிட் இல்லம்மா, பஞ்சவடியில போய் எழுதிக் கொடு" என்றா சொன்னார்? (சிரிப்பு) பறந்து வந்தார். வந்ததும் கொத்தவில்லை, முதலில் ராவணனுக்கே புத்தி சொல்லிப் பார்த்தார். அப்புறம்தான் சண்டை!

எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், அறுபது தாண்டியவர், பஸ்ஸில் பட்டுச்சேலைப் பையைப் பறிகொடுத்தார். இருபது நாள் உழைப்பு. ஒரு ஸ்டேஷனில் "அங்க போ" என்றார்கள், அங்கே போனால் "இங்க ஏன் வந்தே?" அவர் வீட்டுக்கு வந்து சேலையைப் பற்றி அழவில்லை, ஐயா. "என் பேரன் வயசுப் பையன் என்னை வாடா போடாங்கிறான்" என்றுதான் அழுதார்.

2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 173-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றமென்றால், அது எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதியணும். பதிந்த நகலை இலவசமாகக் கொடுக்கணும். சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. வாசலில் நிற்கிற பையன் வாயில் வரணுமே! காலுக்குக் கவாத்து பழக்குகிறீர்கள், வாய்க்கும் பழக்குங்கள். (கைதட்டல்) பயிற்சிப் பள்ளியில் ஒருத்தனை ரைட்டர் நாற்காலியில் உட்கார வையுங்கள். இன்னொருத்தனைப் பையைத் தொலைத்தவனாக நிற்க வையுங்கள். அரை மணி நேரம் கழித்து இடம் மாற்றுங்கள். நின்றவனுக்குத் தெரியும், "உட்காருங்க ஐயா" என்ற சொல்லின் விலை.

"1993-லேயே ராமநாதபுரத்தில் எஸ்.பி. பிரதீப் பிலிப் 'பிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' ஆரம்பித்தாரே, போதாதா?" என்பார் அண்ணன். நல்ல காரியம்தான். அது மக்களைப் போலீசுக்கு நண்பராக்கியது. போலீசை மக்களுக்கு நண்பராக்கும் பாடத்தை யார் நடத்துவது?

2020 ஜூன் மாதம். சாத்தான்குளம். ஊரடங்கில் கடை திறந்திருந்த விவகாரம். தகப்பனும் மகனும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். காயத்தோடு சிறைக்குப் போனார்கள். சில நாளில் இரண்டு பேருமே இல்லை. அண்ணே, உங்களைத்தான் கேட்கிறேன். அந்த ஸ்டேஷனில் குறைந்து போனது தோள் பலமா?

நடுவர் அவர்களே, பதிலை அவரிடமே வாங்கிக் கொள்ளுங்கள்.