உப்பளத்திலிருந்து ஒரு குரல்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, சங்க நிர்வாகிகளே, என் வகுப்புத் தோழர்களே, மாணவத் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த "வணக்கம்" என்ற ஒரு சொல்லைச் சொல்ல ஒரு காலத்தில் எனக்கு அரை நிமிடம் ஆகும். கூடப் படித்தவர்கள் சிரிப்பது தெரிகிறது. சிரிக்கலாம், தப்பில்லை! வைவா அன்று "உன் பேர் என்னப்பா?" என்று கேட்ட வெளித்தேர்வாளரிடம், பேரைச் சொல்ல முடியாமல் ஹால் டிக்கெட்டை நீட்டியவன் நான்.

மரக்காணம் எங்கள் ஊர். அப்பா உப்பளத் தொழிலாளி. என் திக்குவாய்க்கு அம்மா வசம்பு உரசி நாக்கில் தடவினார். கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டார். திக்குவது பயந்தாங்கொள்ளித்தனம் அல்ல, பெரியவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இது உண்டு என்பதே வேலைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும்.

சென்னையில் பேச்சுப் பயிற்சித் துறை உள்ள ஒரு மருத்துவமனைக்குப் போனேன். எனக்குப் பயிற்சி கொடுத்தது ஒரு மாணவி. "என்னடா, படிக்கிற பிள்ளையிடம் விட்டுட்டாங்களே" என்று மனம் சுணங்கியது. ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய பேராசிரியை உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் நான் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். மாணவி பரிதாபப்பட்டு அந்தச் சொல்லைத் தானே முடித்துவிட்டார். பயிற்சி முடிந்து வெளியே நின்றபோது, பேராசிரியை அவரிடம் சொன்னது காதில் விழுந்தது: "ஏம்மா, அவர் வார்த்தையை அவர்கிட்டயே விடு. எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திரு." கோபமே இல்லாத குரல். ஆனால் அந்த அம்மையாரும் அன்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து குறுக்கிடவில்லையே! மாணவி தவறு செய்யவும் திருந்தவும் இடம் விட்டார். அப்பா சொல்வார், "விளையுற பாத்தியில காலை வைக்காதே" என்று. அதே பாடம்தான்.

இன்றும் எனக்குத் திக்கும். ஆனால் அதற்குப் பயந்து வாயை மூடிக்கொள்வதில்லை. அதுதான் எனக்குக் கிடைத்த லாபம்.

இந்தத் துறை நம் நாட்டுக்குப் புதிதல்ல. மைசூரில் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனம் 1965-லேயே தொடங்கப்பட்டது. 1992-ம் ஆண்டு இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் வந்த பின், இத்தொழில் செய்வோர் முறைப்படி படித்துப் பதிவு செய்ய வேண்டும் என்றானது. பட்டப்படிப்பு நான்கு ஆண்டு; அதில் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி. சென்னையில் போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவிலும் இப்படிப்பு இருக்கிறது. மேலே படித்து ஆசிரியரானால் காலையில் வகுப்பு, பிறகு கிளினிக்கில் மாணவர்களை மேற்பார்த்தல், அவர்களுடைய குறிப்புகளைத் திருத்துதல் என்று நாள் ஓடும். பக்கவாதத்தில் பேச்சிழந்தவர், அன்னப்பிளவுள்ள குழந்தை, குரல் கம்மிய ஆசிரியர் எனப் பலரும் அங்கே வருவார்கள். ஒரு நல்ல ஆசிரியை தன் வாழ்நாளில் நேரில் பார்க்கும் நோயாளிகள் சில ஆயிரம் என்றால், அவரிடம் பயின்றவர்கள் பார்ப்பது எத்தனை ஆயிரம்!

இனி என் கோரிக்கை. போன முறை ஊருக்குப் போனபோது, உப்பள வரப்பில் நான்கு வயதுப் பையன் ஒருவன் விளையாடிக்கொண்டிருந்தான். பேச்சு வரவில்லை. "அவங்க தாத்தா மாதிரி, லேட்டாத்தான் பேசுவான்" என்றார்கள். பின்னால் நின்று கை தட்டிப் பார்த்தேன். அவன் திரும்பவில்லை. மறுநாளே காது பரிசோதனைக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டு வந்தேன். காது கேளாத குழந்தைக்கு முதல் சில ஆண்டுகள்தான் பொன்னான காலம். அவனுக்கு அதில் நான்கு போய்விட்டது.

ஆகவே நம் சங்கம் ஆண்டுக்கொரு முறை மரக்காணத்தில் காது, பேச்சுப் பரிசோதனை முகாம் நடத்த வேண்டும். மழைக்காலத்தில் உப்பள வேலை இருக்காது, பெற்றோர் வருவார்கள். முதல் முகாமின் சாப்பாட்டுச் செலவு என்னுடையது. தம்பி தங்கைகளே, காது கேட்கும் கருவி செய்வதற்குப் பொறியாளரும் வேண்டும். உங்கள் வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளிடம் இந்தப் படிப்பைப் பற்றியும் சொல்லுங்கள்.

நான் திக்கியபோதெல்லாம் பொறுமையாகக் காத்திருந்த உங்களுக்கு நன்றி. வணக்கம்.