கேட்பவருக்கும் ஒரு வழிகாட்டி



நாங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்றபோது, வகுப்பு நடத்தப் போகும் பள்ளிக்கு விரிவுரையாளரும் வருவார். கடைசி வரிசையில் அமர்ந்து கவனிப்பார். பாடம் முடிந்ததும், "நன்றாக நடத்தினீர்கள். மூலையில் இருந்த பையன் ஏன் வாயே திறக்கவில்லை, கவனித்தீர்களா?" என்று கேட்பார். அந்தக் கேள்விதான் எங்களை ஆசிரியராக்கியது.

மனநல மருத்துவம் பழகும் இளையவர்களுக்கும் இவ்வாறே ஒரு மேற்பார்வையாளர் உண்டு. நோயாளி சொன்னது என்ன, இவர்கள் புரிந்துகொண்டது என்ன என்று விசாரித்துத் திருத்துவது அவர் வேலை.

செபராங் பிறைத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அம்மா, ஜார்ஜ் டவுன் பொது மருத்துவமனைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "நெஞ்சை அடைக்குது, தூக்கமே இல்லை" என்கிறார். மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. பன்னிரண்டு வயது மகள் மலாயில் நெஞ்சுவலி என்று சொல்கிறாள். இருதயத்தைச் சோதித்தால் பழுதில்லை. மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கணவர் இறந்து மூன்று மாதம் ஆனதும், தாமும் போய்விடலாம் என்று அவர் நினைப்பதும் யாருக்கும் தெரியவில்லை. பெற்ற மகளின் முன்னால் ஒரு தாய் அதைச் சொல்வாளா?

நல்ல மேற்பார்வையாளர் இங்கேதான் குறுக்கிடுவார். "மொழிபெயர்த்தது யார்? தம் நோவுக்கு அந்த அம்மா என்ன பெயர் சொல்கிறார்? அது எதனால் வந்தது என்று நினைக்கிறார்?" என்று கேட்பார். இத்தகைய கேள்விகளை அமெரிக்க மருத்துவர் ஆர்தர் கிளைன்மன் முதலியோர் 1978இல் எழுதிவைத்தனர். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 16 கேள்விகள் கொண்ட பேட்டி முறையை வெளியிட்டது. நம்மவரிடையே, போர்க்கால யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், துயரம் உடல் நோவாக வெளிப்படுவதை எழுதிக்காட்டினார். ஊர்ப் பணியாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்தார்.

"இந்தியர் என்றால் இப்படித்தான்" என்று முடிவு கட்டுவதையும் மேற்பார்வையாளர் தடுக்க வேண்டும். பட்டணத்துத் தமிழ் மருத்துவருக்கும் லயத்து வாழ்க்கை தெரியாதிருக்கலாம். ஒவ்வொருவரையும் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

நம் பங்கும் உண்டு. 1911இல் மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்ட தஞ்சோங் ரம்புத்தானின் பெயரை நம்மவர் கேலிப்பேச்சாக்கிவிட்டனர். அந்தக் கேலிக்கு அஞ்சியே பலர் நோயை மறைக்கிறார்கள். அதை நிறுத்துவோம். பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்காமல், தமிழ் தெரிந்த தாதியையோ வேறு பெரியவரையோ கேட்போம். கோயிலில் நேர்ந்துகொண்டதையும் பூசாரியிடம் போனதையும் மருத்துவரிடம் தயங்காமல் சொல்வோம். புரியாவிட்டால், "மறுபடி சொல்லுங்கள்" என்போம்.

மூலையில் இருந்த பையன் பின்னர் பேசினான். அவன் மொழியில் கேட்க ஆள் வந்ததும் பேசினான்.