சம்பளப் பாக்கியும் தாட்சணியமும்

(நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கல்வி நிதி, விவாகச் செலவு, மாணவர் விடுதி முதலிய விஷயங்களைப் பற்றி இம்மேடையில் அறிஞர் பலர் பேசக் கேட்டிருக்கிறோம். இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் அவற்றைப்போல் செவிக்கு இனியதன்று. வேலையை விட்டு வந்தபின், பழைய முதலாளியிடம் நின்றுபோன சம்பளத்தை எவ்வாறு பெறுவது என்பதே அது. இச்சபையில் முதலாளிகளும் வீற்றிருக்கிறீர்கள். அவர்களிடம் உழைத்தவர்களும், இன்று உழைப்பவர்களும் வீற்றிருக்கிறீர்கள். எல்லோரும் ஒரே பந்தியில் உண்டு எழுந்துவந்த இவ்வேளையில் இதைப் பேசத்தான் வேண்டுமா என்று காரியதரிசி அவர்கள் சிறிது தயங்கினார்கள். ஒரே பந்தியில் உண்பவர்களாயிருப்பதனாலேயே இதைப் பேசவேண்டியிருக்கிறதென்று அவர்களிடம் விண்ணப்பித்துக்கொண்டோம்.

முதலில் நமது கதையையே சொல்லிவிடுகிறோம். 1984-ஆம் ஆண்டு சித்திரை முதல் மூன்று வருஷ காலம் நாம் ஓர் எண்ணெய் ஆலையில் கணக்கெழுதி வந்தோம். ஆலைக்கு உடையவர் நமக்குத் தாய்வழியில் மாமன் முறை. ஊரும் பேரும் இங்கு வேண்டாம். மாதச் சம்பளம் 700 ரூபாய் என்பது பேச்சு. கையில் தந்தது 500. மிகுதி 200 ரூபாயை, "உன் பேரில் வரவு வைத்திருக்கிறேன், மாப்பிள்ளை, கல்யாணத்துக்கு உதவும்" என்று மாமா கூறுவார். அந்தப் பேரேட்டில் அவ்வரவை மாதந்தோறும் எழுதிவந்த கை நம்முடைய கையே என்பதை எண்ணும்போது இன்றும் நமக்குச் சிரிப்பு வருகிறது.

1987-இல் வேலையை விட்டபோது 7,200 ரூபாய் சேர்ந்திருந்தது. தீபாவளிக்குக் கணக்கு முடித்துவிடலாம் என்றார் மாமா. தீபாவளிக்குப் போனோம். அத்தை பலகாரமும் காப்பியும் தந்து உபசரித்தாள். பணப் பேச்சை எடுக்க நாவெழவில்லை. தைப் பொங்கலுக்குப் போனோம்; கடலை விலை சரிந்துவிட்டதென்று மாமா வருந்தினார்; நாமும் உடன் வருந்திவிட்டுத் திரும்பினோம். இவ்வாறு ஒன்றரை வருஷம் கழிந்தது. பின்பு ஒருநாள் வேறொரு காரியமாக ஒரு வக்கீலின் குமாஸ்தாவைக் கண்டபோது பேச்சுவாக்கில் இதைச் சொன்னோம். அவர் விரல்விட்டு எண்ணிப்பார்த்து, "எல்லாம் காலாவதியாகிவிட்டதே!" என்றார்.

அக்காலத்தில் இக்காரியத்துக்கு இருந்தது 1936-ஆம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம். விட்லி என்பவரைத் தலைவராகக் கொண்ட ராயல் கமிஷன் இந்தியத் தொழிலாளர் நிலைமையை ஆராய்ந்து 1931-இல் அறிக்கை வெளியிட்டது; அதன் பயனாகப் பிறந்து, 1937 மார்ச்சு 28-ஆம் தேதி அமலுக்கு வந்த சட்டம் இது. அதற்கு முன் முதலாளி எப்போது சம்பளம் கொடுப்பார், எவ்வளவு அபராதம் பிடிப்பார் என்பதற்கு ஒரு வரையறை இருந்ததில்லை. அபராதம் ரூபாய்க்கு அரையணாவுக்கு மேற்படலாகாதென்று அச்சட்டம் கட்டினது. ஆயிரம் பேருக்குக் குறைந்த ஆலையில் அடுத்த மாதம் ஏழாந்தேதிக்குள்ளும், பெரிய ஆலையில் பத்தாந்தேதிக்குள்ளும் சம்பளம் கொடுத்துவிடவேண்டும் என்றும் விதித்தது. நின்றுபோன சம்பளத்தைக் கேட்க அதற்கென அதிகாரி ஒருவரையும் ஏற்படுத்திற்று. கேட்பதற்குக் கெடு ஆதியில் ஆறே மாதம். 1964-இல் அதைப் பன்னிரண்டு மாதமாக்கினார்கள்.

அந்தப் பன்னிரண்டு மாதம் வேலையை விட்ட நாளிலிருந்து தொடங்கும் என்றே பலரும் எண்ணினர். நாமும் அவ்வாறே எண்ணியிருப்போம். உண்மை வேறு. ஒவ்வொரு மாதச் சம்பளத்துக்கும் அது கொடுபடவேண்டிய நாளிலிருந்து தனித்தனியே கெடு ஓடிற்று. ஆகவே ஆலைப் படியை விட்டு இறங்கின அன்றே முதல் இரண்டு வருஷத்துப் பாக்கியான 4,800 ரூபாய் நம் கையை விட்டுப் போயிருந்தது. மிஞ்சின 2,400-உம், தீபாவளி என்றும் பொங்கல் என்றும் நாம் காத்திருந்த காலத்தில் மாதத்துக்கு 200 ரூபாயாக உதிர்ந்துபோயிற்று. சிவில் கோர்ட்டில் தாவா செய்யலாமே என்றால், அந்த அதிகாரியிடம் கேட்டுப் பெறக்கூடிய தொகைக்குக் கோர்ட்டில் வழக்குக் கிடையாதென்று அச்சட்டத்தின் 22-ஆம் பிரிவு அவ்வழியையும் அடைத்திருந்தது. தாமதத்துக்குப் போதிய காரணம் காட்டினால் அதிகாரி மன்னித்து ஏற்கலாமென்று ஒரு விதி உண்டு. "என்ன காரணம் காட்டுவீர்?" என்று குமாஸ்தா கேட்டார். "மாமா மனம் வருந்துவாரே என்று இருந்துவிட்டோம்" என்றோம். அவர் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை.

பணம் போனதோடு உறவாவது நிலைத்ததா என்றால் அதுவும் இல்லை. கேளாமலே மனத்தில் வைத்துக் குமைந்து, மாமா வீட்டு விசேஷங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டோம். ஏன் வரவில்லையென்று அவருக்குத் தெரியாது. அல்லது தெரியாதவர்போல் இருந்தார். முதல் மாதமே ஒரு கடிதம் எழுதியிருந்தால் இரண்டு நாள் கோபத்தோடு ஒழிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

சட்டம் இன்று மாறியிருக்கிறது. 2019-இல் இயற்றி, 2025 நவம்பர் 21-ஆம் தேதி அமலுக்குக் கொண்டுவரப்பட்ட ஊதியச் சட்டத் தொகுப்பு அப்பழைய சட்டத்தின் ஸ்தானத்தில் வந்துவிட்டது. பழைய சட்டம் குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேற்பட்டவரைத் தள்ளிவைத்தது; புதியதில் அவ்வரம்பு இல்லை. கடைச் சிப்பந்தி, கணக்கர், மேற்பார்வையாளர், மானேஜர் யாவரும் அதில் அடங்குவர். முதலாளி நீக்கினால்தான் இரண்டு நாளில் கணக்குத் தீர்க்கவேண்டும் என்றிருந்தது முன்னைய விதி. தாமே ராஜிநாமாச் செய்தவருக்கும்கூட இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பளத்தைத் தீர்த்துவிடவேண்டும் என்பது இப்போதைய விதி. "தானாகப் போனவனுக்கு என்ன அவசரம்?" என்று இனி ஒருவரும் கேட்பதற்கில்லை.

கேட்பதற்குக் கெடு மூன்று வருஷமாக நீண்டிருக்கிறது. நீண்டதென்று மகிழ்ந்து உறங்கிவிட வேண்டாம். 2025 நவம்பருக்கு முன்னர் நின்ற பாக்கி உள்ளவர்கள் மூன்று வருஷம் இருக்கிறதென்று நம்பியிராமல் உடனே ஒரு வக்கீலைக் காண்பது நலம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் ஏது என்பீர்களாயின், 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஜில்லாதோறும் கோர்ட்டு வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும், தொழிலாளிகளுக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் அங்கே இலவச உதவி உண்டு. நம் பெண்கள் எத்தனை பேர் தையல் ஆலைகளிலிருந்து சம்பளம் பெறாமலே வீடு திரும்பியிருக்கிறார்கள்! அவர்களில் ஒருவரேனும் அந்த வாயிலை மிதித்ததாக நாம் கேட்டதில்லை. குத்தகைக்காரர் ஓடிவிட்டார், யாரைக் கேட்பது என்று சிலர் கலங்குகிறார்கள். குத்தகைக்காரர் கொடாத சம்பளத்துக்கு, வேலை நடந்த ஸ்தாபனத்துக்கு உடைய கம்பெனியே பொறுப்பென்று சட்டம் தெளிவாய்க் கூறுகிறது.

இனிக் கேட்கும் முறை. முதற் காரியம் ஒரு கடிதம். அதில் கோபமும் வேண்டாம், கெஞ்சுதலும் வேண்டாம். "தங்கள் ஸ்தாபனத்தில் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரையில் இன்ன வேலை பார்த்து விலகினேன். இன்ன மாதங்களின் சம்பளம் இவ்வளவு நின்றிருக்கிறது. இக்கடிதம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்திவிடக் கோருகிறேன்" என்ற அளவு போதும். மாமனாயின் "அன்புள்ள மாமா அவர்களுக்கு, வணக்கம்" என்று தொடங்குவதில் குற்றமில்லை; தொகையும் தேதியும் மாத்திரம் பிசகாமல் இருக்கவேண்டும். நகல் ஒன்று வைத்துக்கொண்டு, சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்புக. நேரில் கொடுத்துவிட்டு வந்தேன் என்பது பின்னால் நிற்காது.

வேலை பார்த்ததற்குச் சாட்சியங்களையும் திரட்டவேண்டும். நியமன உத்தரவு பலரிடம் இராது. அதனால் காரியம் கெட்டுவிடாது. வங்கிப் புத்தகத்தில் முந்திய மாதங்களின் வரவு, சேமநிதிக் கணக்கு, மருத்துவக் காப்பீட்டு அட்டை, சம்பளச் சீட்டு, நாளை சீக்கிரம் வா என்று முதலாளி கைப்பேசியில் அனுப்பிய செய்தி ஆகிய எல்லாம் உதவும். வேலையை விடுமுன்னரே இவற்றைப் படம் பிடித்து வைத்துக்கொள்வது விவேகம். கைப்பேசி ஸ்தாபனத்தினுடையதாயிருந்தால் விட்ட அன்றே அதுவும் போய்விடும்.

கடிதத்துக்குப் பதில் இல்லையேல், தொழிலாளர் துறை அலுவலகத்தை அடைந்து, ஊதியக் கோரிக்கையை விசாரிக்கும் அதிகாரி யாரென்று கேட்டு மனுக் கொடுக்கவேண்டும். ஒரே இடத்தில் பலருக்குப் பாக்கி நின்றால் ஒரே மனுவாகக் கொடுக்கலாம், தொழிற்சங்கமும் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் தீர்ப்பளிக்க அதிகாரி முயலவேண்டும். பாக்கியோடு அதைப்போல் பத்து மடங்கு வரையில் நஷ்டஈடும் விதிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. விதித்தும் கொடாவிட்டால் ஜில்லா கலெக்டர் நிலவரிப் பாக்கிபோல் வசூலித்துத் தருவார். இங்கே மிக முக்கியமானது ஒன்று: சம்பளம் கொடுத்தாயிற்று என்பதை மெய்ப்பிக்கும் பாரம் முதலாளியின் மேலது. கொடுபடவில்லையென்று தொழிலாளி மெய்ப்பிக்க வேண்டுவதில்லை.

விலகும்போது "எல்லாம் பெற்றுக்கொண்டேன், இனி ஒரு பாத்தியமுமில்லை" என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கும் வழக்கம் நம்மவர் கடைகளிலும் நுழைந்துவிட்டது. சேரவேண்டிய ஊதியத்தை விட்டுக்கொடுப்பதாக எழுதிய ஒப்பந்தம் சட்டத்தின்முன் செல்லாது. எனினும் வாங்காத பணத்தை வாங்கியதாக எழுதிக் கொடுத்தால் அது நமக்கு எதிரான சாட்சியமாகும். வெற்றுத் தாளில் கையெழுத்திடுவதோ அதனினும் பெரிய அறியாமை.

முதலாளிகளாயிருக்கும் பெரியோர்கள் நம்மீது வருத்தங்கொள்ளலாகாது. சரக்குக் குறைந்தது, கண்ணாடி உடைந்தது என்று சம்பளத்தில் பிடிக்கவேண்டுமானால், அவனுக்குக் காரணம் சொல்லச் சந்தர்ப்பம் கொடுத்த பிறகே பிடிக்கலாம். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதிக்கு மேற்படலாகாது. உறவினன் என்ற உரிமையில் சீட்டில்லாமல் கையில் கொடுத்துவரும் முதலாளி, உண்மையாகவே கொடுத்திருந்தாலும் அதிகாரியின்முன் காட்ட ஒன்றுமில்லாமல் நிற்பார். மாதந்தோறும் வங்கி வழியே செலுத்திச் சம்பளச் சீட்டுக் கொடுப்பது தங்களுக்கே அரண். கல்யாணத்துக்கு ஆகுமென்று பையனுக்காகச் சேமித்துவைக்கும் நல்லெண்ணம் மெய்யானால், அவன் பெயரில் தபாலாபீசில் கணக்குத் திறந்து புத்தகத்தை அவன் தாயாரிடம் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாகத் தாய்மார்களுக்கு ஒரு விஷயம். வேலையில் இருந்தவர் காலஞ்சென்றுவிட்டால் அவருக்கு நின்ற சம்பளம் அவரோடு போய்விடுவதில்லை. அவர் நியமனம் செய்திருந்தவருக்கு அது சேரவேண்டும். நியமனம் இல்லாவிட்டால் முதலாளி அதைக் குறிப்பிட்ட அதிகாரியிடம் கட்டவேண்டும். காரியம் முடிந்து பதினாறாம் நாள் வருமுன் முதலாளி வந்து ஒரு தொகையைக் கையில் கொடுத்து ஆறுதல் கூறினால், அவ்வன்பைப் பெற்றுக்கொள்க. அது சம்பளப் பாக்கியில் சேர்ந்ததா, அன்றித் தனியா என்று வீட்டு ஆண்மக்கள் ஒருவரைக் கொண்டு கேட்டு எழுதி வாங்கிக்கொள்க.

சங்கத்தின் வாசகசாலையில் ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் நாம் இருப்போம். கடிதமோ மனுவோ எழுத வேண்டியவர்கள் வங்கிப் புத்தகத்துடன் வரலாம். எதிரிலிருப்பவர் நம் சங்கத்து அங்கத்தினரேயாயினும் எழுதித் தருவோமென்று காரியதரிசி அவர்களின் சம்மதத்தைப் பெற்றிருக்கிறோம்.