பட்டாளமும் சட்டமும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், சொந்த நாட்டு ஜனங்களை அடக்குவதற்குச் சொந்த நாட்டுப் பட்டாளத்தையே ஏவுவதற்கு சர்க்காருக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டா, உண்டானால் அதற்கு எல்லை எது என்பதாகும். இது வக்கீல்கள் பேச வேண்டிய விஷயமாயிற்றே, நமக்கெதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். துப்பாக்கிக் குண்டு வக்கீலைத் தேடிக்கொண்டு போய்ப் பாய்வதில்லை. சந்தைக்குப் போகிறவன் மேலும், சுரங்கத்தில் வேலை முடித்து வீட்டுக்குத் திரும்புகிறவன் மேலும்தான் பாய்கிறது. ஆகவே இது நம்முடைய விஷயந்தான்.

எங்கேயாவது ஒரு கலகம் என்று பத்திரிகையில் வந்துவிட்டால், உடனே நம்மவர்கள், "பட்டாளத்தை விட்டால் ஒரே நாளில் அடங்கிப் போகும்" என்று சொல்லுவது வழக்கமாயிருக்கிறது. போலீசுக்காரனிடம் குறை காணுகிற அதே மனிதன், பட்டாளம் என்றால் கையெடுத்துக் கும்பிடுகிறான். புயலிலும் வெள்ளத்திலும் சிப்பாய்கள் வந்து ஜனங்களைக் காப்பாற்றியிருப்பதை நாம் மறுக்கவில்லை. நம் கிராமங்களிலிருந்து போன பிள்ளைகள்தானே அவர்கள்? ஆனால் வெள்ளத்தில் படகு விடுவது வேறு, கூட்டத்தின் மேல் சுடுவது வேறு என்பதை யோசிக்க வேண்டும்.

சிப்பாய்க்குக் கற்றுக் கொடுக்கப்படுகிற தொழில் எதிரியை ஒழிப்பது. போலீசுக்காரனுக்கு விதிக்கப்பட்ட தொழில் குற்றம் செய்தவனைப் பிடித்துக் கோர்ட்டில் நிறுத்துவது. எதிரிக்கு விசாரணை கிடையாது, அப்பீலும் கிடையாது. குற்றவாளிக்கு இரண்டும் உண்டு. குற்றவாளியைப் பிடிக்க வேண்டிய வேலையை எதிரியை ஒழிக்கப் பழகியவனிடம் கொடுத்தால், குடிஜனங்கள் எல்லோரும் அவன் கண்ணுக்கு எதிரிகளாகத் தோன்றுவதில் ஆச்சரியம் என்ன? இது அவனுடைய குற்றமல்ல. அவனை அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினவர்களின் குற்றமாகும்.

சட்டம் சொல்வதென்ன?

இந்திய அரசியல் சட்டத்தின் 7வது அட்டவணைப்படி, பொது அமைதியும் போலீசும் மாகாண சர்க்காரைச் சேர்ந்தவை. பட்டாளம் இந்திய சர்க்காரைச் சேர்ந்தது. 1976ம் வருஷத்திய 42வது திருத்தத்தினால், "சிவில் அதிகாரத்துக்கு உதவியாக" மத்திய ஆயுதப் படைகளை மாகாணங்களில் இறக்குவது இந்திய சர்க்காரின் அதிகாரம் என்று புதிதாக ஒரு வரி சேர்க்கப்பட்டது. "உதவியாக" என்ற வார்த்தையை நீங்கள் நன்றாய்க் கவனிக்க வேண்டும். உதவிக்கு வந்தவன் வீட்டுக்காரனாகிவிட முடியாது.

இந்த உதவி எப்படி நடக்க வேண்டும் என்பதை 1898ம் வருஷத்திய கிரிமினல் நடைமுறைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். பிறகு 1973ம் வருஷத்துச் சட்டத்தில் 129 முதல் 132 வரையிலான பிரிவுகளாக அது வந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்திருக்கும் பாரதீய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையில் 148 முதல் 151 வரையுள்ள பிரிவுகளாக இருக்கிறது. பெயர் வடமொழிக்கு மாறியதே தவிர, சரக்கு பெரும்பாலும் பழைய சரக்குத்தான்.

அதன் சாரம் இது. முதலாவது, கூட்டத்தைப் பார்த்துக் கலைந்து போகும்படி மாஜிஸ்திரேட்டோ போலீஸ் அதிகாரியோ உத்தரவிட வேண்டும். இரண்டாவது, கலையாவிட்டால் போலீசைக் கொண்டு கலைக்க வேண்டும். மூன்றாவது, வேறு எவ்விதத்திலும் கலைக்க முடியாது, பொது ஜனப் பாதுகாப்புக்கு அது அவசியம் என்றால் மாத்திரம், அங்கே இருக்கும் மாஜிஸ்திரேட் பட்டாளத்தைக் கூப்பிடலாம். அப்படி வந்த பட்டாள அதிகாரி, எவ்வளவு குறைந்த பலத்தால் காரியம் முடியுமோ அவ்வளவு குறைந்த பலத்தையே உபயோகிக்க வேண்டும். உயிருக்கும் உடைமைக்கும் எவ்வளவு குறைந்த சேதத்தோடு முடியுமோ அவ்வளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் அனுப்பவே வழியில்லை, ஆபத்தோ கண்கூடாக இருக்கிறது என்றால், பட்டாள அதிகாரி தானாகவே கூட்டத்தைக் கலைக்கலாம். ஆனால் மாஜிஸ்திரேட்டோடு பேச வழி கிடைத்த அந்த நிமிஷம் முதல், தொடருவதா நிறுத்துவதா என்பதில் அவர் சொன்னபடிதான் கேட்க வேண்டும்.

ஆக, துப்பாக்கி சிப்பாயின் கையில் இருந்தாலும், "வேண்டும், வேண்டாம்" என்று சொல்லும் வாய் சிவில் அதிகாரியினுடையதாக இருக்க வேண்டும் என்பதுதான் சட்டத்தின் தத்துவம். அந்த வாயை ஜனங்கள் கேள்வி கேட்கலாம், கோர்ட்டு கேள்வி கேட்கலாம், சட்டசபை கேள்வி கேட்கலாம் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

அமிர்தசரசில் நடந்தது

சட்டம் இப்படி இருந்தும் நடந்தது என்ன? 1919 ஏப்ரல் 13ம் தேதி அமிர்தசரஸ் ஜாலியன்வாலாபாக்கில் ஜனங்கள் கூடியிருந்தார்கள். ஜெனரல் டையர், துப்பாக்கி பிடித்த 50 சிப்பாய்களோடு உள்ளே போனார். கூட்டத்தைப் பார்த்துக் "கலைந்து போங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுமார் பத்து நிமிஷத்தில் 1,650 குண்டுகள் சுடப்பட்டன. சர்க்கார் கணக்குப்படியே 379 பேர் செத்தார்கள். செத்தவர்கள் அதைவிட மிக அதிகம் என்பது ஜனங்களின் கணக்கு. பஞ்சாபில் ராணுவச் சட்டம் பிரகடனம் செய்யப்பட்டதோ அதற்கு இரண்டு நாள் கழித்து, 15ம் தேதியன்று. அதாவது சுட்ட தினத்தில் அமலில் இருந்தது நாம் மேலே சொன்ன சாதாரணச் சட்டந்தான்.

ஹண்டர் கமிட்டியார் விசாரித்தபோது, சுடாமலே கூட்டத்தைக் கலைத்திருக்க முடியும் என்றும், ஆனால் அவர்கள் மறுபடி கூடித் தம்மைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள் என்றும் டையர் ஒப்புக்கொண்டார். ஒரு மனிதன் தன்னைப் பிறர் பார்த்துச் சிரிக்காமல் இருப்பதற்காக நூற்றுக்கணக்கான உயிரை வாங்கினான் என்றால், சட்டம் அவனை என்ன செய்தது? உத்தியோகம் போயிற்று, அவ்வளவுதான். கிரிமினல் கோர்ட்டு அவரைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. 1919லேயே அதிகாரிகளைக் காப்பாற்ற ஒரு பாதுகாப்புச் சட்டமும் செய்து கொண்டார்கள். 1920ல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை டையர் பக்கமே ஓட்டுக் கொடுத்தது.

சென்னை ஹைக்கோர்ட்டில் ஜட்ஜாக இருந்த சங்கரன் நாயர், பஞ்சாப் கொடுமைக்கு அப்போதைய கவர்னர் ஓடயரே பொறுப்பாளி என்று புஸ்தகத்தில் எழுதினார். அதற்காக ஓடயர் லண்டனில் அவர்மேல் மானநஷ்ட வழக்குப் போட்டு, 1924ல் 500 பவுன் நஷ்ட ஈடு வாங்கினார். சுட்டவனுக்குத் தண்டனையில்லை, சுட்டதைக் கேட்டவனுக்கு அபராதம்! இதுதான் அன்றைய நீதி.

வெள்ளையன் போனான், உத்தரவு போகவில்லை

அது அன்னிய ஆட்சி, இப்போது நம்முடைய ஆட்சியல்லவா என்று சிலர் சொல்லலாம். அதையும் பார்ப்போம். 1942 ஆகஸ்டு கிளர்ச்சியை அடக்க, வைசிராய் லின்லித்கோ 15.8.1942ல் பட்டாளத்துக்கு விசேஷ அதிகாரம் கொடுத்து ஓர் அவசரச் சட்டம் போட்டார். அதையே முன்மாதிரியாக வைத்து, சுதந்திர இந்தியப் பார்லிமெண்டு 1958ல் ஆயுதப் படைகள் விசேஷ அதிகாரச் சட்டத்தை முதலில் அஸ்ஸாமுக்கும் மணிப்பூருக்குமாகச் செய்தது. வெள்ளைக்காரன் காப்டனுக்குக் குறையாத அதிகாரிக்குக் கொடுத்த அதிகாரத்தை, நம்மவர்கள் ஹவில்தாருக்கும் நாயக்குக்கும் இறக்கிக் கொடுத்தார்கள். "கலவரப் பகுதி" என்று ஒரு பிரதேசத்தை அறிவித்துவிட்டால் போதும், அங்கே ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடக்கூடாது என்ற உத்தரவை மீறுகிறவன் மேல், தாமே போதுமென்று நினைக்கிற எச்சரிக்கையைக் கொடுத்துவிட்டு, சாகும்படியாகவும் சுடலாம். வாரண்டில்லாமல் பிடிக்கலாம். வாரண்டில்லாமல் வீட்டைச் சோதிக்கலாம். இதற்காக ஒரு சிப்பாய் மேல் வழக்குப் போட வேண்டுமானால் இந்திய சர்க்காரின் முன் அனுமதி வேண்டும்.

இச்சட்டம் செல்லுமா என்ற கேள்விக்கு, 1997ல் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து ஜட்ஜுகள் செல்லும் என்றே தீர்ப்புச் சொன்னார்கள். ஆனால் சில கட்டுகளும் போட்டார்கள். பட்டாளம் சிவில் அதிகாரத்துக்கு உதவியாகத்தான் இருக்க வேண்டும், அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. கலவரப் பகுதி என்ற அறிவிப்பை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசீலிக்க வேண்டும். பிடித்தவர்களைச் சீக்கிரமாகப் போலீசில் ஒப்படைக்க வேண்டும். 2005ல் ஜஸ்டிஸ் ஜீவன் ரெட்டி கமிட்டியாரோ இச்சட்டத்தையே எடுத்துவிட வேண்டும் என்று சிபார்சு செய்தார்கள். மணிப்பூரில் 1,528 பேர் அநியாயமாய்க் கொல்லப்பட்டதாக வந்த வழக்கில், 2016ல் சுப்ரீம் கோர்ட்டு, இந்தச் சட்டம் இருக்கிற இடத்திலும் சிப்பாய்க்கு முழு விதிவிலக்குக் கிடையாது, அத்துமீறிக் கொன்றதாகப் புகார் வந்தால் விசாரித்தே தீரவேண்டும் என்றது.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. 2021 டிசம்பர் 4ம் தேதி நாகாலாந்து மோன் ஜில்லா ஓட்டிங் கிராமத்தில் நடந்ததைக் கேளுங்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை முடித்து வண்டியில் வீடு திரும்பிய கூலிகளைத் தீவிரவாதிகள் என்று நினைத்துப் பதுங்கியிருந்த பட்டாளத்தார் சுட்டு, 6 பேரைக் கொன்றார்கள். தேடி வந்த ஊர்க்காரர்களோடு ஏற்பட்ட மோதலில் மேலும் 7 ஊராரும் ஒரு சிப்பாயும் செத்தார்கள். மாகாணப் போலீசு விசாரித்து, 2022ல் 30 பட்டாளத்தார் மேல் குற்றப் பத்திரிகை கொடுத்தது. இந்திய சர்க்கார் 2023ல் அனுமதி மறுத்தது. 2024 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு வழக்கை முடித்துவைத்து, அனுமதி கிடைத்தால் மேலே நடத்தலாம் என்று சொல்லிற்று.

தோழர்களே, அந்தச் சிப்பாய்கள் குற்றவாளிகள் என்று நாம் தீர்ப்புக் கூறவில்லை. தவறாக நினைத்துச் சுட்டிருக்கலாம். அதைக் கோர்ட்டல்லவா சொல்ல வேண்டும்? ஏவினவரே அனுமதி கொடுக்க வேண்டியவராகவும் இருந்தால், திருட்டுக் கொடுத்தவன் திருடனிடம் போய் ரசீது கேட்கிற மாதிரியல்லவா ஆகிறது? நம் கருத்துப்படி இவ்விஷயத்தின் முடிச்சு முழுவதும் இந்த அனுமதியில்தான் இருக்கிறது.

ஓர் ஆட்சேபணை

உள்ளூர்ப் போலீசும் உள்ளூர்ப் பெரிய மனிதரும் ஒன்று சேர்ந்துகொண்டு ஏழைகளை அடித்தால், பட்டாளம் வரக்கூடாதா என்று ஒரு தோழர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் 1957ல் லிட்டில் ராக் ஊரில், ஒன்பது கறுப்புப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குள் விடாமல் அந்த மாகாணக் கவர்னரே படையை நிறுத்தித் தடுத்தார். ஜனாதிபதி ஐசன்ஹோவர் பட்டாளத்தை அனுப்பி அப்பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொண்டு போகச் செய்தார். பட்டாளத்தைக் கொண்டு உள்நாட்டுச் சட்டத்தை அமல் நடத்தக் கூடாது என்ற 1878ம் வருஷச் சட்டம் இருக்கிற நாடு அது. அந்தச் சட்டத்துக்கு முன்னின்றவர்களோ, தென் பிரதேசத்தில் கறுப்பு மக்களின் ஓட்டுரிமைக்குக் காவலாயிருந்த பட்டாளத்தை விரட்ட நினைத்தவர்கள்! இருந்தும் 2025ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பட்டாளத்தை இறக்கியது அதே சட்டத்துக்கு விரோதம் என்று ஒரு ஜட்ஜு செப்டம்பர் மாதம் தீர்ப்பளித்தார். சர்க்கார் அப்பீலுக்குப் போயிற்று.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது, பட்டாளம் நல்லதா கெட்டதா என்ற கேள்வியே பிசகு என்பதாகும். லிட்டில் ராக்கில் கோர்ட்டு உத்தரவு இருந்தது. அதற்கு இடம் கொடுக்கும் வேறொரு சட்டம் இருந்தது. காரியம் இன்னதென்று வரையறை இருந்தது. அதைச் செய்தவர் ஊரறியப் பதில் சொன்னார். இவை இருந்தால் பட்டாளம் உதவி. இவை இல்லாவிட்டால் அது ஆட்சி.

சிப்பாயும் மனிதன்

சிப்பாயும் வெறும் தடியல்ல. 1930 ஏப்ரல் 23ல் பெஷாவரில், ஆயுதமில்லாத ஜனங்கள் மேல் சுட மாட்டோம் என்று கார்வாலி சிப்பாய்கள் மறுத்தார்கள். அவர்கள் தலைவர் சந்திரசிங்குக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. சட்டங்கூட, "கீழ்ப்படியக் கடமைப்பட்ட" உத்தரவுக்குத்தான் கீழ்ச் சிப்பாய்க்குப் பாதுகாப்புத் தருகிறது. எந்த உத்தரவுக்கும் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

ஆகவே நாம் கேட்பது இவைதான். பட்டாளத்தைக் கூப்பிடுகிற அதிகாரி காரணத்தை எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கலவரப் பகுதி என்ற அறிவிப்பை நீட்டும்போதெல்லாம் சட்டசபையில் வெளிப்படையாகப் பேசி நீட்ட வேண்டும். வழக்குக்கு அனுமதி கேட்டால் இத்தனை மாதத்துக்குள் பதில் என்று கெடு வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும், அந்தக் காரணத்தைக் கோர்ட்டு பரிசோதிக்க வேண்டும். விசேஷச் சட்டம் திரிபுராவில் 2015லும் மேகாலயத்தில் 2018லும் எடுக்கப்பட்டது. அதனால் அங்கே குடி முழுகிப் போய்விடவில்லை.

நாம் சொல்லுகிறோம் என்பதற்காக இவற்றை ஒப்புக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள். இனி யாராவது "பட்டாளத்தை விடு" என்று சொன்னால், "யார் கூப்பிட்டது? எந்தப் பிரிவில்? எத்தனை நாளைக்கு? தப்பு நடந்தால் யார் பதில் சொல்வது?" என்ற நாலு கேள்வியையும் கேளுங்கள். பதில் சொல்ல ஆளில்லாத இடத்தில் துப்பாக்கியை அனுமதிக்க மாட்டோம் என்று ஜனங்கள் சொல்லத் தொடங்கினால்தான், சட்டப் புஸ்தகத்தில் இருக்கிற சட்டம் ஓட்டிங் கிராமத்துக்கும் போய்ச் சேரும்.