பானட்டைத் திறந்து பார்ப்போம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், வாகனக் கடன் பெற்று கார் ஓட்டும் உறுப்பினர் ஒருவர் பேசியது)



கார் எஞ்சினைப் பத்தி என்னைப் பேசச் சொல்லியிருக்காங்க. "நமக்கு எதுக்கும்மா அது, மெக்கானிக் பார்த்துக்குவார்" என்று சிலர் நினைக்கலாம். ஆனால் குழுக் கடனில் வண்டி வாங்கினால் ஓட்டுவது ஒருத்தி, கையெழுத்துப் போட்டது எல்லோரும். வண்டி பத்து நாள் ஷெட்டில் நின்றால் அந்த மாதத் தவணை தடுமாறும். எஞ்சினே போய்விட்டால் குழுவே தடுமாறும். அதனால் ஓட்டாதவர்களும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்து ஆற விடுங்கள். முந்தானையை இழுத்துச் செருகுங்கள், வளையலைக் கழற்றி வையுங்கள். எஞ்சினை அணைத்த பிறகும் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுற்றலாம், அதனால் அந்தப் பக்கம் கை வேண்டாம். டிரைவர் பக்கம் டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு பிடி இருக்கும். அதை இழுத்தால் பானட் லேசாகத் தூக்கும். முன்னால் வந்து விரலால் கொக்கியைத் தள்ளித் திறந்து, கம்பியை முட்டுக் கொடுக்க வேண்டும். ஆம்னி மாதிரி சில வண்டியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். இடம் வண்டிக்கு வண்டி மாறும், அடையாளம் பெரும்பாலும் மாறாது.

நடுவில் பெரிசாக இருப்பதுதான் எஞ்சின். அதில் வளையம் போட்ட பிடி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், பல வண்டியில் மஞ்சள் நிறம். அதுதான் ஆயில் அளவு பார்க்கிற குச்சி, டிப் ஸ்டிக். உருவி, துணியால் துடைத்து, திரும்ப முழுசாகச் செருகி எடுத்துப் பாருங்கள். ஆயில் இரண்டு குறிக்கு நடுவில் இருக்க வேண்டும். கீழ்க்குறிக்கும் கீழே போனால் இரும்போடு இரும்பு உரசி எஞ்சின் இறுகிவிடும். நம்ம தவணைப் பணத்தைக் காப்பாத்துறது அந்தக் குச்சிதான்.

முன்பக்கம் கம்பி வலை மாதிரி நிற்பது ரேடியேட்டர். பக்கத்தில் உள்ளே தெரிகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதில் பச்சையோ சிவப்போ ஒரு திரவம். அது கூலண்ட், எஞ்சின் சூட்டைத் தணிப்பது. அளவு இரண்டு கோட்டுக்கு நடுவில் நிற்க வேண்டும். வெயிட் போட்ட குக்கரை அப்படியே திறப்போமா? மாட்டோம். அதே மாதிரி சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.

சதுரப் பெட்டியாக, இரண்டு முனையில் வயர் பூட்டியிருப்பது 12 வோல்ட் பேட்டரி. சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ். கழற்றும்போது கறுப்பு முதலில், மாட்டும்போது கறுப்பு கடைசியில். முனையில் உப்புப் பூத்த மாதிரி இருந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் படுத்தும். பேட்டரியே போச்சு என்று முடிவு கட்டும் முன் அதைச் சுத்தம் செய்து பாருங்கள்.

கிளிப் போட்ட கறுப்புப் பெட்டிக்குள் இருப்பது ஏர் ஃபில்டர், எஞ்சின் மூச்சு விடுகிற வடிகட்டி. நம்ம மண் ரோட்டில் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். டிரைவர் பக்கம் பின்னால் இருக்கும் சின்ன டப்பா பிரேக் ஆயில். அதில் அளவு குறைந்தால் ஊற்றி மூடிவிட்டுப் போகக் கூடாது. எங்கோ ஒழுகுகிறது, அல்லது பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே காட்டுங்கள். கண்ணாடி படம் போட்ட மூடி வைப்பர் தண்ணீருக்கு. அதில் எதையும் மாத்தி ஊத்திடாதீங்க.

ஓட்டும்போது எண்ணெய்க் குப்பி மாதிரி சிவப்பு விளக்கு எரிந்தால், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம் என்று ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

இதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம் என்று யாராவது சொன்னால் ஒன்று சொல்லுங்கள். 1888-ல் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற பெண், கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மோட்டார் வண்டியை அவரிடம் சொல்லாமலே எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை 100 கிலோமீட்டருக்கு மேல் போனார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் குத்தும் ஊசியால் குத்திச் சரிசெய்தார். எரிபொருள் வாங்கியது ஒரு மருந்துக் கடையில். காரில் முதல் நெடும்பயணம் போனதும் ஒரு பெண், வழியில் பழுது பார்த்ததும் அவரேதான்.

என் வண்டி ஒரு தடவை அடிக்கடி சூடேறியது. ஒரு ஷெட்டில் ரேடியேட்டரையே மாத்தணும்னாங்க. "எங்கே ஒழுகுது, காட்டுங்கண்ணே" என்று கேட்டேன். பார்த்தால் ஒழுகினது ரேடியேட்டர் இல்லை, அதில் சேரும் ரப்பர் பைப்பு. பைப்பும் கிளிப்பும் மாத்தினதோடு வேலை முடிந்தது. எல்லா மெக்கானிக்கும் அப்படி இல்லை. எனக்கு இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவரும் ஒரு மெக்கானிக்தான். ஆனால் பேரு தெரிஞ்சாத்தான் கேள்வி கேட்க முடியும். ஒரு காலத்தில் பாஸ்புக்கைப் பிரித்துப் பார்க்கவே தயங்கினோம். இன்னிக்கு வரவு செலவை நாமே வாசித்துக் கேள்வி கேட்கிறோமே, அது மாதிரிதான் இதுவும்.

ஒரு வேண்டுகோள். வண்டி வைத்திருக்கும் ஒவ்வொரு குழுவும் அதற்கு ஒரு நோட்டுப் போடுங்கள். ஆயில் மாத்திய தேதி, அப்போது ஓடியிருந்த கிலோமீட்டர், மாற்றிய பாகம், கொடுத்த தொகை நாலும் அதில் இருக்கட்டும். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். மாதக் கூட்டத்தில் அந்த நோட்டையும் வாசியுங்கள்.

சாப்பாடு முடிந்ததும் மண்டப வாசலில் என் வண்டி பானட் திறந்து நிற்கும். வாங்க, குச்சியை நீங்களே உருவிப் பாருங்க. கை கறுப்பானால் சோப்பு நான் தர்றேன்.