படியும் பாடமும்

எழுத்துக்கு இரண்டு கேடுகள் உண்டு. படியே இல்லாமல் அழிந்துபோவது ஒன்று. படிகள் பலவாகப் பெருகி, கவிஞர் முடிவாக ஒப்பிய பாடம் எதுவென்று தெரியாமல் மயங்குவது மற்றொன்று. கணிப்பொறியின் இயங்குதளத்தை மாற்றும் கவிஞரை இவ்விரண்டும் ஒரே நாளில் வந்து சூழ்கின்றன. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. அதனால் புதிய விண்டோசுக்கோ லினக்சுக்கோ மாறுவோர் பலர். மாறும் வேளையில் கவிதைகளைக் காப்பது எப்படி என்பதே இவ்வுரையின் பொருள்.

முதற்கேட்டுக்குப் பாஞ்சாலங்குறிச்சி மண்ணே ஒரு பாடம். 1799இல் கோட்டை வீழ்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் 16ஆம் நாள் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். 1801இல் ஊமைத்துரையும் அவனைச் சேர்ந்தோரும் அக்கோட்டையை மீண்டும் எழுப்பினர். அவ்வாண்டு மே மாதத்தில் அதுவும் வீழ்ந்து தரைமட்டமாயிற்று. மண்ணாலான கோட்டை ஓரிடத்தில் மட்டும் இருந்தது. ஆகவே அழிக்க முடிந்தது. பாட்டோ ஊர்தோறும் பலர் நாவில் இருந்தது. ஆகவே அழிக்க முடியவில்லை. அப்பாட்டைப் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் நூலாக வெளியிட்டது. பல இடங்களில் பல படிகள் என்பதே காப்பின் முதல் விதி.

1974இல் தமிழக அரசு பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக் கோட்டை எழுப்பியது. பழைய கோட்டையின் அடித்தள எச்சங்கள் அதன் அருகிலேயே உள்ளன. புதியது எழுந்ததனால் பழையதன் எச்சத்தை எவரும் வேண்டாவென்று கழிக்கவில்லை. இது இரண்டாம் விதி: மாற்றி எழுதிய படி வந்துவிட்டதனால் மூலப்படி தேவையற்றதாகிவிடாது.

இவ்விதி மீறப்பட்டதன் விளைவும் அருகிலேயே நிகழ்ந்துள்ளது. கோவில்பட்டிக்கு மேற்கே கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகளைத் தேடிச் சென்ற டாக்டர் உ.வே. சாமிநாதையர், அவை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடப்பட்டுவிட்டன என்ற செய்தியையே கேட்க நேர்ந்தது. பழுதுற்ற ஏட்டைப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதிய பின்னரே பழையதைக் கழிப்பது முறை. பெயர்த்தெழுதுவதை விட்டுக் கழிப்பதை மட்டும் செய்ததனால் விளைந்த இழப்பு அது. இன்று வன்தட்டைத் துடைத்துவிட்டுப் புதிய இயங்குதளம் நிறுவுகிறவர், படியெடுக்க மறந்தால் செய்வது அதே ஓமம்தான். நெய் ஒன்றுதான் குறை.

இனித் தமிழ்க் கோப்புகளுக்கே உரிய இடர் ஒன்று. 1990களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியாக்கம் கொண்டிருந்தது. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்னும் இரண்டையும் தரப்படுத்தியது. இணையத்தில் இயங்கிய தமிழர் பலர் டிஸ்கியைக் கையாண்டனர். பின்னர் ஒருங்குறி பரவியது. 2010இல் தமிழக அரசும் அதை ஏற்றது. ஆயினும் பழைய கோப்புகள் பழையபடியே கிடக்கின்றன. உரிய எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால் அவை பொருளற்ற உரோமன் எழுத்துகளாகவும் குறிகளாகவும் தோன்றும். கோப்பு கெட்டுவிட்டதென்று எண்ணிப் பலர் அதை அழித்துவிடுகின்றனர். கெட்டது கோப்பன்று; அதைப் படிக்கும் கண்ணாகிய எழுத்துருவே அங்கில்லை. ஆகவே கவிதைகளைப் படியெடுக்கும்போது, அவை எந்த எழுத்துருவில் அமைந்தனவோ அந்த எழுத்துருக் கோப்பையும் உடன் படியெடுத்தல் வேண்டும். பழைய கணிப்பொறி உயிரோடிருக்கும்போதே, எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎப் படி ஒன்றும் எடுத்து வைத்தால், பிற்காலத்தில் ஒப்புநோக்க அது உதவும்.

அடுத்தது இரட்டிப்பு. மேசைக் கணிப்பொறியில் ஒன்று, மடிக்கணினியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று என ஒரே கவிதை பல இடங்களில் கிடக்கும். புதிய கணிப்பொறியில் எல்லாவற்றையும் கொட்டியபின், இரட்டைக் கோப்புகளை நீக்கும் மென்பொருளை ஏவுவது எளிது. இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். பொறி அறிவது எண்களின் ஒப்புமையை மட்டுமே. கவிதையின் ஒப்புமையை அன்று.

முதலாவதாக, உள்ளடக்கத்தின் ஒவ்வோர் எண்ணும் ஒத்துள்ள கோப்புகள் உண்டு. இவை உண்மையான இரட்டை. ஷா-256 போன்ற சரிபார்ப்பு எண்ணைக் கணித்து இவற்றை ஐயமின்றி இனங்காணலாம். ஒன்றை வைத்து மற்றதை நீக்கலாம்.

இரண்டாவதாக, மனிதருக்கு ஒன்றாகவும் பொறிக்கு வேறாகவும் இருப்பவை. டிஸ்கியில் உள்ள கவிதையும் அதன் ஒருங்குறி வடிவமும் சொல்லுக்குச் சொல் ஒன்றே; பொறிக்கோ இரண்டும் வெவ்வேறு. வரி முடிவைக் குறிக்கும் முறை விண்டோசில் ஒன்று, லினக்சில் ஒன்று. அதனாலும் சரிபார்ப்பு எண் மாறும். ‘கொ’ என்னும் எழுத்தின் ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பு, கால் என இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ‘கொற்றவை’ என்னும் பெயரிலே இரண்டு கோப்புகள் ஒரே அடைவில் அருகருகே நிற்பதும், தேடினால் ஒன்று மட்டும் அகப்படுவதும் இதனால்தான்.

மூன்றாவதாக, பெயர் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருப்பவை. ‘மழை’ என்னும் பெயரில் ஒரே கவிஞர் மூன்று கவிதைகள் எழுதியிருக்கலாம். அல்லது ஒரே கவிதையை மூன்று முறை திருத்தியிருக்கலாம். ஒன்றன்மேல் ஒன்றாகப் படியெடுத்தால் கடைசியில் வந்தது மட்டும் மிஞ்சும். அது கடைசியில் எழுதியதாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. கோப்பின் தேதியை நம்பவும் இயலாது. படியெடுக்கும் முறையைப் பொறுத்து அது மாறிவிடக்கூடும். ஆகவே தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வைத்தல் நலம்.

இம்மூன்றாம் வகையே இலக்கியத்துக்கு உயிரானது. ஏட்டுச் சுவடி ஆய்ந்தோர் இதனைப் பாடபேதம் என்றனர். பல ஏடுகளை ஒப்புநோக்கி, வேறுபடும் பாடங்களையும் போற்றிக் காட்டியதே உ.வே.சா.வின் பதிப்புநெறி. எட்டயபுரம் தந்த பாரதியின் எழுத்துகளையும், இதழில் வந்த பாடம் எது, நூலில் வந்த பாடம் எது என்று ஒப்பிட்டே ஆய்வாளர் பதிப்பித்துள்ளனர். அன்று ‘இது இரட்டை, வேண்டாம்’ என்று எவரேனும் ஒதுக்கியிருந்தால், ஒரு சொல்லைக் கவிஞர் எங்கே மாற்றினார் என்னும் செய்தி உலகுக்குக் கிடைத்திராது. கவிஞரின் அடித்தலும் திருத்தலும் கையெழுத்துத் தாளில் தாமே தங்கின. கணிப்பொறியில் அவை தாமாகத் தங்குவதில்லை, வைத்தால்தான் உண்டு.

ஆகவே செய்யத்தக்க முறை இது. இயங்குதளத்தை மாற்றுமுன் எல்லாக் கோப்புகளையும் தனித்தனியான இரண்டு வெளித்தட்டுகளில் படியெடுக்க வேண்டும். சிலவற்றை வேறொரு கணிப்பொறியில் திறந்து படித்துப் பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத படி காப்புப் படி ஆகாது. அவ்விரண்டனுள் ஒன்றை மூலப்படியென எழுதி ஒட்டி, அதில் எதையும் நீக்காமலும் திருத்தாமலும் வைக்க வேண்டும். குறியாக்க மாற்றமும் இரட்டை நீக்கமும் புதிய கணிப்பொறியில் உள்ள படியில் மட்டுமே நிகழட்டும். பாடம் வேறுபடும் இடங்களைப் பொறி அல்ல, கவிஞரே படித்து முடிவு செய்யட்டும்.

மூலப்படி வைத்த தட்டு வேறொரு வீட்டில், இயலுமாயின் வேறோர் ஊரில் இருத்தல் நன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் உடன் எரிந்தன. இணையத்தோடு ஒத்தியங்கும் சேமிப்பை மட்டும் நம்புவதும் போதாது. இங்கே தவறி அழித்தது அங்கேயும் அழிந்துவிடும்.

மன்றத்தின் பத்தாண்டுக் கவியரங்கக் கவிதைகள் இன்று உறுப்பினர்தம் கணிப்பொறிகளில் சிதறிக் கிடக்கின்றன. அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொருவரும் தம் கோப்புகளில் ஒரு படியை, எழுத்துருவோடும் தேதியோடும், மன்றச் செயலரிடம் சேர்ப்பாராயின், பதினோராம் ஆண்டின் முதற்பணி நிறைவேறும். தொகுப்போர் எதையும் இரட்டையென்று கழிக்காமல் முதலில் வாங்கி வைக்கட்டும். படிப்பதும் ஒப்பிடுவதும் பிறகு ஆகலாம். இழந்ததைத் தேடுவது ஆகாது.