பெயருக்கு உரியவர் யார்?

கொல்கத்தாவில் வாழும் தமிழருக்கு மோகன் பகான் கழகம் புதிதன்று. 1889இல் தோன்றிய அக்கழகம், 1911இல் ஆங்கிலேயப் படைப்பிரிவின் அணியை வென்று ஐ.எப்.ஏ. கேடயம் பெற்றது, அன்று ஆடியவருள் பதின்மர் வெறுங்காலினர்.

2020இல் அதன் கால்பந்துப் பிரிவின் பங்குகளில் நூற்றுக்கு 80 ஒரு வணிகக் குழுமத்தின் வசமாயின. பழம்பெயரின் முன்னே 'ஏ.டி.கே.' என அக்குழுமத்து அணியின் எழுத்துகள் அமர்ந்தன. பங்கில்லாத ரசிகர்கள் ஒன்றுகூடினர். பதாகை ஏந்தி, "அவ்வெழுத்துகளை நீக்குக" என்றனர். 2023 மார்ச்சில் அணி இந்தியன் சூப்பர் லீக் பட்டம் வென்ற அன்று, உரிமையாளர் இசைந்தார். ஆயினும், 'சூப்பர் ஜயண்ட்' என்னும் அவரது அடைமொழி பின்னே சேர்ந்தது. வெற்றி பாதியே, எனினும் சிறிதன்று.

ஊரை விட்டு வந்தும் ஊர்ப்பெயரை முதலெழுத்தாகச் சுமக்கும் நம்மவர், அந்த ரசிகர்களின் மனத்தை எளிதில் உணர்வர்.